பல்லின் ஓரத்தில் குங்குமம்

ஏனுங்க,

இன்று காலை பால் வாங்கப் போன வழியில், பஸ் நிற்கும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே, ஒரு சின்ன லாரியின் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். அடியில் ஒரு தகர டப்பா. அதில் கெட்டியாக, கறுப்பாகக் கியர் ஆயில் வடிந்துகொண்டிருந்தது. எஞ்சின் ஆயிலுக்கு அந்த வாடை கிடையாது. தீக்குச்சிகளைக் கொத்தாகக் கொளுத்தி அணைத்த மாதிரி, கந்தகமும் எண்ணெய்ப் பிசுக்கும் கலந்த வாடை அது. கல்யாணமான புதிதில் உங்கள் சட்டைகளில் இருந்த வாடை. எவ்வளவு சோப்புப் போட்டுக் கசக்கினாலும் அக்குள் பக்கம் கொஞ்சம் மிச்சமிருக்கும்.

பால் தூக்கோடு அங்கேயே நின்றுவிட்டேன். வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "யாரையாச்சும் பாக்கோணுங்களா அம்மா?" என்றார். "இல்லீங்க, சும்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நீங்கள் போய் மூன்று வருடம் ஆகப்போகிறது. உங்களுக்கு எழுத வேண்டும் என்று இதுவரை தோன்றியதில்லை. நீங்கள் இருந்தபோதும் நாம் கடிதம் எழுதிக்கொண்டதில்லை. காலையில் மலை இறங்கிப் போனால் சாயங்காலம் ஏறி வந்துவிடுவீர்கள்; எழுத என்ன இருந்தது? ஆனால் நம் லாரியின் பின் அச்சு விஷயத்தை நாம் ஒரே ஒரு முறைதான் பேசினோம், அதுவும் பாதிதான். மீதிப் பாதியை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஓர் எஸ்டேட்டில் ஓடித் தேய்ந்து கழித்துப் போட்ட லாரியை வாங்கி, மலை மேல் வாழவந்தியில் நம் வீட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினீர்கள். நான் எஸ்டேட் குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கூலிக்குப் போகும் பெண்கள் விட்டுப் போகும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. நீங்கள் லாரியைப் பார்த்துக்கொண்டீர்கள். பிரேக் கட்டை மாற்றுவது, கிளட்ச் தட்டு மாற்றுவது, ரேடியேட்டர் ஓட்டையை அடைப்பது, ஸ்பிரிங் பட்டை உடைந்தால் கழற்றி வேறு பட்டை போடுவது எல்லாம் நீங்களே. மூன்று வருடத்தில் அந்த லாரி ஒரு பட்டறை வாசலைக்கூட மிதித்ததில்லை. யார் கேட்டாலும் இதைச் சொல்வீர்கள். கேட்காதவர்களிடமும் சொல்வீர்கள்.

மூன்றாவது வருடம் காபிப் பழம் பறிக்கிற நேரத்தில் சத்தம் ஆரம்பித்தது. முதலில் கேட்டது நான்தான். சேலத்துக்கு இறங்கும்போது, நீங்கள் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும், பின்னாலிருந்து கொசு பாடுவது போல ஒன்று. ஒரு வாரத்தில் அது மரம் அறுக்கிற ரம்பத்தின் சத்தமாகிவிட்டது. பின் அச்சின் நடுவில் பானை மாதிரி உருண்டையாக ஒரு பெட்டி இருக்கும். அதற்குள் இரண்டு பல் சக்கரங்கள்: சின்னது பினியன், பெரியது கிரவுன். எஞ்சின் சுற்றுகிற சுற்றைச் சக்கரத்துக்குத் திருப்பி விடுவது அந்த இரண்டும்தான். இதையெல்லாம் நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள், ஒரு தேங்காய் மூடியையும் கரண்டியையும் வைத்து.

சேலத்தில் துரைராஜ் என்று ஒரு மெக்கானிக் இருந்தார். இந்தப் பின் அச்சு வேலை ஒன்றை மட்டுமே பார்ப்பார். லாரிக்கு அடியில் படுத்து, பின் அச்சுக்குப் போகிற தண்டைக் கையால் அப்படியும் இப்படியும் அசைத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"பல்லு தேஞ்சிருச்சுங்க. ரெண்டையும் சோடியா மாத்தோணும். வண்டிய உட்டுட்டுப் போங்க. பத்து நாள் ஆகும்."

"பத்து நாளா?"

"எனக்கு முன்னால அஞ்சு வண்டி நிக்குதுங்க."

வெளியே நின்ற ஐந்து லாரிகளையும் நீங்கள் எண்ணிப் பார்த்தீர்கள். பறிப்பு சீசனில் பத்து நாள் நின்றால் எஸ்டேட்டில் கணக்குப் பார்க்கிற ரைட்டர் வேறு லாரியைப் போட்டுவிடுவார். வந்த லாரி அடுத்த வருடமும் போகாது. நமக்கு இருந்ததே அந்த ஒரு எஸ்டேட் வேலைதான்.

அன்று மத்தியானம் வீட்டில் சாப்பிடும்போது சொன்னீர்கள். "சாமான வாங்கியாந்து நாமளே மாட்டிக்கலாம் புள்ள."

"உங்களுக்கு அது தெரியுமுங்களா?"

"கழட்டத் தெரியும். மாட்டத் தெரியும். கிளீனரா இருக்கறப்ப ரெண்டு தடவ கிட்ட இருந்து பாத்திருக்கேன்."

"பாக்கறதும் செய்யறதும் ஒண்ணுங்களா?"

"ஏன், நீ களி கிண்டறதப் பாத்துப் பாத்துத்தான் நானும் ஒரு நாளைக்குக் கிண்டுனேன்."

"அது கட்டி கட்டியா இருந்துச்சுங்க."

சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்போடு முடிவு ஆகிவிட்டது. இப்போது யோசித்தால், உங்கள் பக்கத்திலும் நியாயம் இருந்தது. உங்கள் கை சுத்தமான கை. ஒரு மரையைக்கூட நீங்கள் கோணலாக முடுக்கி நான் பார்த்ததில்லை. ஆனால் நாம் அந்த வேலையை எடுத்தது கை மேல் இருந்த நம்பிக்கையால் இல்லை. பத்து நாள் நிற்க முடியாது என்பதால். அவசரத்துக்குத் திறமை என்று பெயர் மாற்றி வைத்துக்கொண்டோம், நாம் இரண்டு பேருமே.

பக்கத்தில் இருந்த காபி உலர்த்தும் களத்தில் லாரியை நிறுத்தினீர்கள். சிமெண்டுத் தரை, சமமாக இருந்தது. அக்கம்பக்கத்து ஆண்கள் இரண்டு பேர் வந்து அந்தப் பெட்டியை இறக்கிக் கொடுத்தார்கள். என் பழைய சேலையை விரித்து, கழற்றிய சாமான்களைக் கழற்றிய வரிசையிலேயே வைத்தோம். எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவியது நான். புதுப் பல் சக்கரம் இரண்டும் வெள்ளிப் பாத்திரம் மாதிரி மின்னின.

மாட்டுவது சிரமமாக இல்லை. எவ்வளவு ஆழத்தில் மாட்டுவது என்பதுதான் சிரமம். சின்னச் சக்கரம் பெரியதற்குள் எவ்வளவு உள்ளே போய்க் கடிக்கவேண்டும் என்பதைக் காகிதம் போல மெல்லிய தகடுகள் சிலவற்றை வைத்தும் எடுத்தும் சரி செய்யவேண்டும். சரியாகக் கடிக்கிறதா என்று பார்க்கப் பல்லில் சாயம் தடவிச் சுற்றுவார்கள். சாயம் அழிந்த இடம்தான் பல்லும் பல்லும் தொடுகிற இடம். நம்மிடம் சாயம் இல்லை. நான் வீட்டுக்குள் போய்க் குங்குமத்தைத் தேங்காயெண்ணெயில் குழைத்துக் கிண்ணத்தில் கொண்டுவந்தேன். "அட, இது நல்லாருக்குதே" என்றீர்கள். ஒரு கோழி இறகால் தடவினீர்கள்.

சுற்றினீர்கள். இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். பல்லின் நடுவில் குங்குமம் வைத்தது வைத்தபடி இருந்தது. வெளி ஓரத்தில் மட்டும் நகக்கண் அளவுக்குத் துடைத்துவிட்டது போல இரும்பு தெரிந்தது. ஒரு தகட்டை எடுத்தீர்கள், மறுபடி சுற்றினீர்கள். கொஞ்சம் நகர்ந்தது. மறுபடி ஒன்று. நான்காவது தடவை நடுப்பக்கமாக வந்தது போல இருந்தது, ஆனால் வரவில்லை. அதற்குள் மூன்றாவது நாள் சாயங்காலம். பனி இறங்கி, களத்தின் அந்தப் பக்கத்து சில்வர் ஓக் மரங்கள் மறைய ஆரம்பித்திருந்தன. விடிந்தால் திங்கட்கிழமை. அடிவாரத்து ஊர்களிலிருந்து பழம் பறிக்கிற பெண்களை ஏற்றி வரவேண்டிய நாள்.

"போதும். மூடிரலாம்" என்றீர்கள்.

"ஏனுங்க, இன்னும் ஓரத்துலதானுங்க படுது."

"ஓட ஓடப் பதிஞ்சுக்கும்."

"நடுவுல படவே இல்லீங்களே."

"பதிஞ்சுக்கும்னு சொல்றனில்ல?"

குரல் கொஞ்சம் உயர்ந்தது. அடித்ததுமில்லை, திட்டியதுமில்லை நீங்கள் என்னை. ஆனால் அந்தக் குரல் வந்தால் நான் நிறுத்திவிடுவேன். அன்றும் நிறுத்தினேன். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன். எண்ணெய்க் குங்குமம் லேசில் போகவில்லை. சாம்பல் போட்டுத் தேய்த்தேன். தேய்க்கும்போதே, திரும்பிப் போய் இன்னொரு தடவை சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை.

ஒரு வாரம் லாரி நன்றாக ஓடியது. சத்தம் முழுதாகப் போகவில்லை, ஆனால் முன்பு போல இல்லை. டீக்கடையில் நீங்கள் சொன்னது எனக்கும் வந்து சேர்ந்தது: "மூணு நாள்ல மாட்டிட்டேன். எதுக்குச் சேலத்துக்குப் போகோணும்?" வெள்ளக்கடை ஊரிலிருந்து ஒரு டிரைவர் தன் வண்டியையும் பார்க்கச் சொல்லி வந்தார். சரி என்று சொல்லி அனுப்பினீர்கள். அன்று உங்கள் முகத்தைப் பார்த்தபோது, நான்தான் தப்பாகப் பார்த்துவிட்டேன் போல என்று எனக்கே தோன்றிவிட்டது.

அடுத்த திங்கட்கிழமை நானும் லாரியில் இருந்தேன். சேலத்தில் அம்மாவைப் பார்த்துவிட்டு, அடிவாரத்தில் உங்களோடு ஏறிக்கொண்டேன். பின்னால் உர மூட்டைகள், மூட்டைகள் மேல் பதினான்கு பெண்கள். கடைசியாக ஏறியவர் பாப்பாத்தியக்கா. பின் கதவை ஒட்டி உட்கார்ந்துகொண்டு, "டிரைவரே, மெதுவா ஓட்டுங்க, காலையில தின்னது மேல வந்துரும்" என்று கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள். வருடாவருடம் பறிப்புக்கு வருகிறவர். போன சீசனில் என் காப்பகத்தில் அவருடைய கடைசிப் பையன் இருந்தான்.

பாதி மலைக்கு மேல், ஒரு கொண்டை ஊசி வளைவில் திரும்பி ஏறும்போது அடியில் டமார் என்று ஒரு சத்தம். எஞ்சின் வீறிட்டது. ஆனால் லாரி முன்னால் போகவில்லை. ஒரு கணம் நின்றது. பிறகு பின்னால் போக ஆரம்பித்தது.

நீங்கள் பிரேக்கை மிதித்தீர்கள். பத்து அடி பின்னால் போயிருக்கும், அதற்குள் நின்றது. உங்கள் இடது கை கைப்பிரேக்கை இழுத்தது, இழுத்தும் பிரயோசனமில்லை. அந்தப் பழைய லாரியில் கைப்பிரேக் சக்கரத்தைப் பிடிக்காது, எஞ்சினிலிருந்து பின் அச்சுக்குப் போகிற தண்டைத்தான் பிடிக்கும். அச்சுக்குள்ளே பல்லே உடைந்த பிறகு தண்டைப் பிடித்து என்ன ஆகப்போகிறது? அவ்வளவு பாரமும் உங்கள் ஒரு காலில் நின்றது.

"எறங்கு புள்ள! பின் சக்கரத்துக்குக் கல்லு போடு!" என்றீர்கள். அப்புறம் தலையை வெளியே நீட்டி, "அல்லாரும் மெதுவா எறங்குங்க, குதிக்காதீங்க, நான் புடிச்சிருக்கறேன், குதிக்காதீங்க" என்று கத்தினீர்கள்.

நான் இறங்கி ஓடினேன். பாப்பாத்தியக்கா அதற்கு முன்பே குதித்திருந்தார். பின்னால் போக ஆரம்பித்த அந்தக் கணத்திலேயே குதித்திருக்கிறார். ஓரத்துக் கல் சுவரில் கால் மோதி, ரோட்டில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. தன் கணுக்காலை யாருடையதோ மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரிடம் போகாமல் கல்லைத் தூக்கினேன். அதை இன்றும் நினைப்பேன். அவரைத் தாண்டித்தான் கல்லை எடுத்தேன். மற்ற பெண்களும் கல் கொண்டுவந்தார்கள். இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் போட்டு, "போட்டாச்சுங்க" என்றேன். நீங்கள் மெல்லக் காலைத் தளர்த்தினீர்கள். லாரி முனகிக்கொண்டு கல்லில் சாய்ந்து நின்றது.

உங்கள் வலது கால் பிரேக்கிலிருந்து வரவில்லை. இரண்டு கையாலும் தொடையைத் தூக்கி எடுத்து வெளியே வைத்தீர்கள். கீழே இறங்கியதும் நேராகப் பாப்பாத்தியக்காவிடம் போனீர்கள்.

பின்னால் வந்த பஸ்ஸில் அவரை ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். கணுக்கால் எலும்பு முறிந்திருந்தது. அந்த சீசன் அவர் பறிக்கவில்லை. எலும்பு கூடியபிறகும் கொஞ்சம் இழுத்துத்தான் நடந்தார். அவருக்குச் செய்யவேண்டியதைச் செய்தோம். அதை இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் நீங்கள் அவர் வீட்டு வாசலில் நின்று, அவர் புருசனையும் பக்கத்து வீட்டுக்காரர்களையும் வைத்துக்கொண்டு சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "பல்லு ஒடஞ்சது தானா ஒடயலீங்க. எனக்குத் தெரியாத வேலைய நான் செஞ்சேன். அதனாலதான் அக்காவுக்கு இப்படி ஆச்சு." அந்த ஆள் அடிக்கக்கூட வந்திருக்கலாம். அவர் உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

எஸ்டேட் ரைட்டர் வேறு லாரியைப் போட்டார். எதைத் தவிர்க்கப் பார்த்தோமோ அது நடந்துவிட்டது. நம் லாரியைக் கட்டி இழுத்துவந்து அதே களத்தில் நிறுத்தினோம். நீங்கள் துரைராஜைக் கூப்பிடச் சேலத்துக்குப் போனீர்கள். இந்தத் தடவை அவர் வரிசையைப் பற்றிப் பேசவில்லை. உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு மறுநாளே பஸ்ஸில் சாமான் பெட்டியோடு ஏறி வந்தார்.

பின் அச்சுப் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஆயிலோடு உடைந்த பல் துண்டுகள். ஒன்றைத் துடைத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"யாருங்க மாட்டுனது?"

"நான்தானுங்க."

"பேரிங் எல்லாம் சுத்தமா மாட்டிருக்கீங்க. சாயம் வெச்சுப் பாத்தீங்களா?"

"குங்குமம் வெச்சுப் பாத்தமுங்க."

"எங்க பட்டுச்சு?"

நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். "நீ சொல்லு."

"வெளி ஓரத்துலங்க" என்றேன்.

"அப்பறம் எதுக்கு மூடுனீங்க?"

நான் தரையைப் பார்த்தேன். உங்கள் குரல்தான் கேட்டது. "இவ சொன்னாளுங்க, ஓரத்துல படுதுன்னு. நான் கேக்கலைங்க."

துரைராஜ் உடைந்ததை ஒதுக்கிவிட்டு, கொண்டுவந்திருந்த புதுச் சோடியை எடுத்தார். காலையில் ஆரம்பித்தவர், நீலச் சாயத்தைத் தடவிச் சுற்றினார். அவருக்கும் முதல் தடவை ஓரத்தில்தான் பட்டது. இரண்டாவது தடவை உள் ஓரத்துக்குப் போனது. சோற்றுக்கு எழுந்து கை கழுவிச் சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி கழற்றினார். ஆறாவது தடவையோ ஏழாவது தடவையோ, என்னைக் கூப்பிட்டார். "அம்மா, உங்க கண்ணு நல்ல கண்ணு. நடுவுல வந்துருச்சான்னு பாருங்க." பார்த்தேன். பல்லின் நடுவில், புளியங்கொட்டை அளவுக்கு, பளிச்சென்று. "வந்துருச்சுங்க" என்றேன். அப்போதுதான் மூடினார். அத்தனை வருடம் அந்த வேலையைப் பார்த்தவருக்கும் அது ஒரே தடவையில் வரவில்லை. வரும்வரை அவர் மூடவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

கிளம்பும்போது நீங்கள் அவரிடம் எஞ்சினில் ஏதோ சத்தம் பற்றிக் கேட்டீர்கள். "எஞ்சின் எனக்குத் தெரியாதுங்க. வேற ஆளு சொல்றேன், அவருகிட்டப் போங்க" என்றார். அதை அவர் வெகு சாதாரணமாகச் சொன்னார். அவருடைய சாமான் பெட்டியை நீங்களே பஸ் வரை தூக்கிக்கொண்டு போனீர்கள்.

அவர் போனபிறகுதான் நாம் அதைப் பேசினோம். களத்தில் சாமான்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். "நான் இன்னொரு தடவ சொல்லிருக்கோணுங்க" என்றேன்.

"இன்னொரு தடவ சொல்ற மாதிரி நான் வெச்சிருக்கோணுமில்ல?" என்றீர்கள்.

அவ்வளவுதான். நீங்கள் சொன்னது சரிதான், ஆனால் முழுச் சரியில்லை என்று அப்போதே தோன்றியது. எனக்கும் வாய் இருந்தது. பதினான்கு பேர் ஏறப்போகிறார்கள் என்று எனக்கும் தெரியும். உங்கள் குரல் உயர்ந்ததைவிட அது பெரிய விஷயம். பாதியாக நின்ற பேச்சின் மீதி இதுதான். நீங்கள் பழியை முழுக்க எடுத்துக்கொண்டதால் என் பங்கை வைக்க இடமில்லாமல் போய்விட்டது.

அதற்குப் பிறகு உங்கள் கணக்கு மாறியது. வெள்ளக்கடை டிரைவரைத் தேடிப் போய், "என்கிட்ட உடாதீங்க, சேலத்துக்குக் கொண்டு போங்க" என்று சொல்லிவிட்டு வந்தீர்கள். டீக்கடையில் பாப்பாத்தியக்கா கால் கதையை நீங்களே சொன்னீர்கள், மற்றவர்கள் சொல்வதற்கு முன்பே. என்னிடம் ஒரு நாள் சொன்னீர்கள்: "தப்பானா எனக்கு மட்டும் அடின்னா நானே பாத்துக்குவேன் புள்ள. ஏறி உக்காந்திருக்கறவங்களுக்கு அடின்னா, தெரிஞ்ச ஆளுகிட்டத்தான் போகோணும்."

"அப்ப பிரேக்குங்க?"

"பிரேக்கு எனக்குத் தெரியும்."

"இதையும் அப்படித்தானுங்க சொன்னீங்க."

நீங்கள் முகத்தைச் சுளித்தீர்கள். ஆனால் அடுத்த தடவை பிரேக் கட்டை மாற்றியதும், ஆள் ஏற்றுவதற்கு முன் வெறும் லாரியை ஓட்டிப் போய்ச் சேலத்தில் பிரேக் வேலை பார்ப்பவர் ஒருவரிடம் காட்டிவிட்டு வந்தீர்கள். "நல்லாத்தான் இருக்குதாம்" என்று என்னிடம் கொஞ்சம் விறைப்பாகச் சொன்னீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. காட்டவில்லை.

தொண்ணூறுகளின் பாதியில் உங்களுக்கு நெஞ்சுக்குக் கீழே எரிச்சல் வந்தது. சோடா குடித்தீர்கள், ஓமம் மென்றீர்கள். "வாயுதான் புள்ள" என்றீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். சரியாகிவிடும் என்றீர்கள். மறுபடி சொன்னேன். அந்தக் குரல் வந்தது. நான் கதவுப் பக்கம் போய்விட்டு, நின்று, திரும்பி வந்து மூன்றாவது தடவையும் சொன்னேன். என்னை நிமிர்ந்து பார்த்தீர்கள். எழுந்து செருப்பை மாட்டினீர்கள். அது வாயு இல்லை, இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். அதற்கப்புறம் எத்தனை வருடம் நாம் சண்டை போட்டுக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தோம்!

நீங்கள் போன அன்று பாப்பாத்தியக்கா வந்திருந்தார். அவருக்கும் வயதாகிவிட்டது. காலை இழுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அழுதுகொண்டிருந்தவர்களைப் பார்த்துவிட்டு, என் காதோடு சொன்னார்: "எங்கூட்டு வாசல்ல வந்து நின்னப்ப அந்த மனுசன் வண்டியக் கொற சொல்லல கண்ணு. ரோட்டக் கொற சொல்லல. நான் குதிச்சதக்கூடக் கொற சொல்லல." அப்போதுதான் நான் அவரிடம் சொன்னேன், பல் ஓரத்தில் மட்டும் பட்டதை நானும் பார்த்தேன் என்று. இத்தனை வருடத்தில் முதல் தடவை. அவர் என் கையைப் பிடித்தார். "தெரியும். உங்கூட்டுக்காரரு சொன்னாரு, எம்பொண்டாட்டி சரியாத்தான் பாத்தான்னு" என்றார். என்னிடம் ஒரு நாளும் சொல்லாததை அவரிடம் சொல்லியிருக்கிறீர்கள்.

இப்போது நான் பெண்கள் குழுவில் இருக்கிறேன். பள்ளிக்கூடக் கூட்டத்துக்குக் கூப்பிடுகிறார்கள், போகிறேன். மருமகன் வீட்டு விசேஷத்திலும் எனக்கு ஒரு நாற்காலி உண்டு. சரியில்லாதது கண்ணில் பட்டால் சொல்கிறேன். கேட்கவில்லை என்றால் திரும்பவும் சொல்கிறேன். "அம்மா சொன்னதையே சொல்றாங்க" என்று சலித்துக்கொள்கிறார்கள். சலித்துக்கொள்ளட்டும். உங்களிடம் சொல்லாமல் விட்ட அந்த ஒரு தடவையை மற்றவர்களிடம் சொல்லித் தீர்க்கப் பார்க்கிறேன். தீர்கிற மாதிரி தெரியவில்லை. அதனால் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.